பகலில் முன்விளக்கு எரிந்தது குறித்து

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை என் அடையாள அட்டையைப் பார்த்து காவல் நிலைய அதிகாரி அவர்களே மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாரும் வழி காட்ட மாட்டார்கள் என்பதால், டேப்பக்கா என்று அழைக்கப்படுபவளும் நானே என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அளவு டேப் என் கழுத்தில்தான் கிடக்கும். வயது ஐம்பத்திரண்டு. கடையில் நாற்பத்தேழு என்று சொல்லி வருகிறேன். இங்கே செல்லுபடியாவது முதலில் சொன்னதுதான்.

நான் தையல்கடை வைத்திருக்கிறேன். புதுத் துணி தைப்பது குறைவு. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பதும், பருத்தவர்களுக்குத் தளர்த்திக் கொடுப்பதும்தான் என் தொழில். எங்கள் தெருவில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விசேஷம் என்பதை இடுப்பளவை வைத்தே சொல்லிவிடுவேன் என்று பேசிக்கொள்வார்கள். அது பொய். அளவெடுக்க நிற்கும்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள். என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆண்டில் பாதி தண்ணீரில் இருப்பார், மீதி தூக்கத்தில் இருப்பார்.

என் கடைக்கு மேல்மாடியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இறந்துபோனவர் அங்கே பல வருடங்களாகப் பயிற்றுநர். பள்ளிக்கூடக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் அவர் மிதித்துவிடுவார். அதனால் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்போம். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் ஒரே வாக்குறுதிதான் கொடுப்பார். "என் கால் இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." எனக்கும் அதையேதான் சொன்னார்.

என் கணவர் ஆசையாக வாங்கிய பழைய கார் ஒன்று வாசலில் உறை போட்டு நிற்கிறது. அதற்குள் பூனை குட்டி போட்டதைத் தவிர அதனால் யாருக்கும் பயனில்லை. அதை ஓட்டிக்கொண்டு அவர் அடுத்த முறை இறங்கும் துறைமுகத்துக்கே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. உரிமத் தேர்வில் இரண்டு முறை தவறினேன். முதல் முறை தேர்வாளர் இறங்கச் சொல்வதற்கு முன் நானே இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை அவர் இறங்கிவிட்டார். மூன்றாவது தேர்வு நெருங்கியிருந்ததால் மாஸ்டர் எனக்குத் தினமும் பயிற்சி கொடுத்து வந்தார்.

இந்த இடத்தில் அதிகாரி அவர்கள் சம்பவத்துக்கு வரும்படி சொன்னார். சம்பவம் இதற்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

மாஸ்டரின் வண்டியில் ஒரு கண்டிப்பு உண்டு. ஓட்டுபவர் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சரியா, தப்பா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அதற்குள் வண்டி மரத்தைப் பார்த்துவிடும் என்பார். அவர் பக்கம் ஒருமுறை திரும்பினால் மைதானத்தில் ஒரு சுற்று கூடுதலாக ஓட்ட வேண்டும். இன்ஜினை அணைத்த பிறகுதான் திரும்பலாம். "ரோட்டைப் பாருங்கக்கா, என் மூஞ்சில என்ன போஸ்டரா ஒட்டிருக்கு" என்று என்னிடம் சொன்னது கணக்கில் அடங்காது. நான் வாங்கிய கூடுதல் சுற்றுகளைச் சேர்த்தால் என் கணவரின் கப்பலை எட்டிப் பிடித்திருக்கலாம். போகப் போக எனக்கும் பழகிவிட்டது. கழுத்து திரும்பாது. அவர் குரலையும் காலையும் வைத்தே அவர் மனசைத் தெரிந்துகொள்வேன். திட்டினால் தப்பு. பிரேக்கை மிதித்தால் பெரிய தப்பு. சும்மா இருந்தால் சரி.

மாஸ்டருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையில் சாப்பிடுவதற்கு முன் பெரிய மாத்திரை ஒன்றும் சின்ன மாத்திரை ஒன்றும் போடுவார். போன மழைக்கால முடிவில் அவரைப் பார்த்த டாக்டர், அடுத்த முறையும் சர்க்கரை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். ஊசி போடுகிற ஆளை வண்டியில் உட்காரவைக்க மாட்டேன் என்பது பள்ளி முதலாளியின் கொள்கை. இதற்கு முன் ஒரு பயிற்றுநரை அந்தக் காரணத்துக்காகவே மேசைக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் மாடியில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறார். அதைத் தினமும் பார்க்கிறவர் நம் மாஸ்டர்.

அதன் பிறகு மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றினார். செல்போனில் ஒருவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டே பேசுவார், அவரைத்தான் குருவாக வைத்துக்கொண்டார். சோறு, ரொட்டி, சர்க்கரை, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு முட்டை, இறைச்சி, கீரை, வெள்ளரிக்காய் என்று இறங்கினார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டு வந்தார். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றையும் குறைக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் அடிச்சாத்தான்க்கா எதிரி விழுவான்" என்றார். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாமே என்றதற்கு, தேர்வுக்கு முன்னால் தேர்வாளரிடம் போய் நான் என்னென்ன படித்தேன் என்று யாராவது சொல்வார்களா, நேராகப் போய் மார்க்கைக் காட்ட வேண்டியதுதான் என்றார். விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். எண் குறையக் குறைய, முதல் வகுப்பு வாங்கிய பிள்ளைபோல் என் கடைக்கு வந்து காட்டுவார். குறைவது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பிரேக் சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. பிறகு அந்தக் கருவியில் ரத்தம் தொட்டு வைக்கும் பட்டைகள் தீர்ந்துபோயின. அவர் மறுபடி வாங்கவில்லை. பேண்ட் லூசாகிறதே, அதைவிடவா கருவி என்றார்.

பேண்ட் லூசானது உண்மை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை பிடித்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று நான்தான் சொன்னேன். தெருவே சொன்னது. இளைத்தவரைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்பது போய், எப்படி இளைத்தீர்கள் என்று கேட்கிற காலம் இது.

அதன் பிறகு ஒரு நாள் மைதானத்தில் பயிற்சியின்போது மாஸ்டர் காரணமில்லாமல் சத்தம் போட்டார். பின்னால் போய்க்கொண்டிருந்த வண்டியை ரிவர்ஸ் போடச் சொல்லித் திட்டினார். நான் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் கை ஆடியது. என் பையில் எப்போதும் கிடக்கும் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். சற்று நேரத்தில் பழையபடி ஆகி, என் பிஸ்கட்டால் தன் விரதம் கலைந்துவிட்டது என்று என்னையே குற்றம் சொன்னார்.

இதை அவர் மனைவியிடம் நான் சொன்னேன். அவர் ரொட்டித் தயாரிப்புக் கூடத்தில் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறார். அதிகம் பேசாதவர். இரவில் தலையணை நனையும் அளவு இவருக்கு வியர்க்கிறது, தான் கொண்டுவரும் ரொட்டியைத் தொடுவதில்லை, டாக்டரிடம் போகலாம் என்று தான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட பிறகு இப்போதுதான் மாஸ்டர் ஒரு நாள் குறித்திருக்கிறார் என்று சொன்னார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று தினமும் காலையில் அவர் சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் ஒரு பிடி போட்டு அனுப்புவதாகவும், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே வாயில் போடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவாருக்கா. மாத்திரையப் பத்தி டாக்டர்ட்ட ஒரு போன் போட்டாவது கேக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். இப்படியே போனால் அடுத்த பேண்ட்டை உங்களுக்கு அளவு வைத்துத் தைக்க முடியாது, மூங்கில் கழிக்குத்தான் தைக்க வேண்டும், டாக்டரைக் கேளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்பார் என்று அந்த அம்மா சொன்னது பாதி நடந்தது.

மிட்டாய் விஷயத்தில் நடந்தது என்னவென்றால், எதிரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன் என்று சொல்லி, மாஸ்டர் அவற்றைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தார். பின்பக்கமாக வண்டியை நிறுத்திக் காட்டினால் ஒரு மிட்டாய். ஒரு கல்லூரிப் பெண் ஒரே நாளில் இரண்டு வாங்கினாள். முத்திரை குத்துபவரின் மருமகனுக்குக்கூட ஒன்று கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மிட்டாய்க்கு ஏங்கினேன் என்பதை அதிகாரி அவர்கள் எழுதலாம். அது வெட்கம்தான், ஆனால் உண்மை.

சம்பவத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் தன் அக்கா வீட்டுக்குப் போனார். தாயில்லாத அவரை வளர்த்தவர் அந்த அக்காதான் என்று மாஸ்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தட்டு நிறையச் சோறு போட்டிருக்கிறார். வேண்டாம் என்றால் விடமாட்டார், அழுவார். அதனால் மாஸ்டர், வீட்டில் உத்தரவு, சோறு தொட்டால் உள்ளே விடமாட்டாள் என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார். மறுநாள் என் கடையில் உட்கார்ந்து இதை அவரே சொன்னார். "பழிய வீட்டுக்காரி மேல போட்டுட்டு ஓடி வந்துட்டேன்க்கா. அவ ஒருத்திதான் எதையும் தாங்குவா." நாங்கள் இரண்டு பேரும் அதற்கும் சிரித்தோம். அவருடைய அக்கா இப்போது காவல் நிலையத்தில் கொடுத்திருக்கும் புகாரில், சோறு போடக் கூடாது என்று மனைவி தடுத்ததாகத் தம்பியே வாய்விட்டுச் சொன்னான் என்று இருப்பதாக அறிகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தம்பி அப்படித்தான் சொன்னார். தம்பி சொன்னதுதான் பொய். எந்தக் கணவரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் சொல்லக்கூடிய பொய்.

சம்பவ நாள் காலையில் நான் கடையைத் திறந்ததும், பிடித்து வைத்திருந்த பேண்ட்டை வாங்க மாஸ்டர் வந்தார். திரைக்குப் பின்னால் போய் அதை மாட்டிக்கொண்டு வந்து, என் பாட்டில் தண்ணீரிலேயே இரண்டு மாத்திரைகளையும் போட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையிலிருந்து அவர் கையாலேயே எடுத்தார், வேறு யாரும் கொடுக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மனைவி கொடுத்த டப்பாவை உயர்த்திக் காட்டினார். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன், மார்க்கைப் பார்த்து அவர் மயங்கி விழப் போகிறார் என்றார். அதன் பிறகு எனக்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியவர் தாமதமாக வந்ததால், மாஸ்டர் சாப்பிடாமலேயே அவரை அழைத்துப் போய்த் திரும்பி வந்தார். நான் வண்டியில் ஏறும்போது டப்பா பின்சீட்டில் ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றேன். உங்கள் ரிவர்ஸைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும் என்றார்.

மைதானத்தில் இரண்டு டிரம்களுக்கு நடுவில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். டிரம்மில் இடிக்கவில்லை, வண்டி அணைந்துபோகவில்லை, அவர் கால் அசையவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினேன். மாஸ்டர் சட்டைப் பைக்குள் விரல்விட்டுத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்தார். "கடைசி ஒண்ணு. உங்களுக்குன்னே இருந்திருக்கு" என்றார். வாங்கும்போது அவர் விரல் ஈரமாக இருந்தது. வண்டியின் புழுக்கம் என்று நினைத்தேன். வாங்கிய வேகத்தில் பிரித்து வாயில் போட்டேன். வண்டிக்குள் குப்பை போட்டாலும் ஒரு சுற்று என்பதால் காகிதத்தை மடித்து என் பர்ஸில் வைத்தேன்.

அதன் பிறகு பெரிய சாலை வழியாகப் பள்ளிக்குத் திரும்பச் சொன்னார். கிடங்குகள் இருக்கும் தெருவைத் தாண்டியதும், விளக்கைப் போடுங்கள், இருட்டிவிட்டது என்றார். வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. தேர்வாளர்கள் நம்மைக் குழப்பக் கோணல்மாணலாக ஏதாவது சொல்வார்கள், மறுபேச்சு இல்லாமல் செய்ய வேண்டும் என்று மாஸ்டர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். என்னைச் சோதிக்கிறார் என்று எண்ணி முன்விளக்கைப் போட்டேன். பகல் நேரத்தில் முன்விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே என் பதில்.

எதிரே வந்த வண்டிக்காரர்கள் விளக்கை அணைக்கச் சொல்லி, தங்கள் விளக்கை மினுக்கிக் காட்டினார்கள். நான் நன்றாக ஓட்டுவதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, ஒருவருக்குத் தலைகூட ஆட்டினேன். அதன் பிறகு மாஸ்டர் இன்னும் ஏதோ சொன்னார். நாக்குத் தடித்தாற்போல் இருந்தது, விளங்கவில்லை. திட்டுவது மாதிரி இல்லாததால் நான் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் வண்டி எப்போதும் பின்னால் உருளும், அவர் எப்போதும் மிதிப்பார். அன்று உருளவில்லை, அவர் மிதிக்கவும் இல்லை. அதன் பிறகு பெரிய மருத்துவமனையின் வாசலைக் கடந்தேன். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி, அடிக்காமல், மெதுவாக, மிக ஒழுங்காகக் கடந்தேன். வாயில் மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது. அன்று முழுவதும் மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இதை அன்றிரவே கப்பலுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

பள்ளி வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் பின்பக்கமாக நிறுத்தினேன். கை பிரேக்கைப் போட்டேன். இன்ஜினை அணைத்தேன். நேராகப் பார்த்தபடியே, எப்படி மாஸ்டர் என்று கேட்டேன். அவர் "ம்" என்றுதான் பாராட்டுவார், அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி சட்டை. கண் பாதி மூடியிருந்தது. கால் பிரேக்கின் மேல் இல்லை, பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான் காலையில் பிடித்துக் கொடுத்த பேண்ட் அப்போதும் அவருக்கு லூசாகத்தான் இருந்தது.

நான் கத்தியதைக் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். முத்திரை குத்துபவரும் வந்தார். முதலாளி ஓட்ட, நான் பின்சீட்டில் மாஸ்டர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு டப்பா என் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பிப் போனோம். அதே பாலம், அதே வாசல். இந்த முறை முதலாளி ஹாரனை விடாமல் அடித்தார். மருத்துவமனை வாசலில் வண்டியைப் பார்த்த வாயிற்காவலர், முன்விளக்கு எரிகிறது, அணையுங்கள் என்று சொன்ன பிறகுதான் அது அதுவரை எரிந்துகொண்டே இருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

விரலில் குத்திப் பார்த்த கருவியில் எண்ணே வரவில்லை, மிகக் குறைவு என்று மட்டும் காட்டியது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன மாத்திரை, என்ன சாப்பாடு என்று அங்கிருந்த பெண் டாக்டர் கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அந்தச் சின்ன மாத்திரை, சோறு வந்ததா இல்லையா என்று பார்க்காது, உடம்பில் இருக்கும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் என்றார். "சாப்பாட்ட மாத்துனது தப்பில்லம்மா. மாத்தறேன்னு சொல்லியிருந்தா மாத்திரையக் குறைச்சிருப்போம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றார். சர்க்கரை ஏறிவிட்டது என்று சொன்னார்கள். அவர் கண் திறக்கவில்லை. இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது, அது தாங்கவில்லை என்று பிற்பகலில் வந்து சொன்னார்கள்.

மாஸ்டரின் மனைவி வேலைக்கூடத் தொப்பியோடும், முழங்கையில் மாவோடும் வந்தார். அதன் பிறகு மாஸ்டரின் அக்கா வந்தார். வராந்தாவில் எல்லோரும் கேட்க, "என் தம்பிக்கு ஒரு வாய் சோறு போடாம கொன்னுட்டாளே" என்று சொல்லிச் சுவரில் தலையை மோதிக்கொண்டார். மனைவி தொப்பியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மிட்டாய் இருந்துச்சேக்கா, பையில?" என்று கேட்டார்.

எனக்கு வாய் அதிகம் என்று தெருவே சொல்லும். அன்று அந்தக் கேள்விக்கு மட்டும், கழிவறைக்குப் போகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். இரண்டு நாட்களாக அந்த அம்மா, தான் அன்று காலை போட மறந்துவிட்டோமோ, குறைத்துப் போட்டுவிட்டோமோ என்று அடுப்படி டப்பாவைத் திறந்து திறந்து மிட்டாய்களை எண்ணிக்கொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இங்கே வந்தேன்.

ஆகவே கீழ்க்கண்டதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். மாஸ்டர் சோற்றை நிறுத்தியது அவருடைய சொந்த முடிவு, ஊசிக்கும் வேலை போவதற்கும் பயந்து எடுத்த முடிவு. மனைவி தடுக்கவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடச் சொன்னவர் அவர். மாத்திரையை அன்று மாஸ்டரே என் கடையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி கொடுத்த டப்பா திறக்கப்படவில்லை. அதை நானே மருத்துவமனையில் இருந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்தேன், ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. மிட்டாய் இருந்தது. அந்த அம்மா போட்டு அனுப்பியிருந்தார். கடைசி ஒன்றை மாஸ்டர் எனக்குக் கொடுத்தார். நான் தின்றேன். அது அவருக்குத் தேவைப்படும் என்று அவருக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் பர்ஸில் இருந்த மிட்டாய்க் காகிதத்தை அதிகாரி அவர்களிடம் இப்போது ஒப்படைத்தேன். அந்த அம்மா வீட்டு அடுப்படி டப்பாவில் இருப்பதும் இதே காகிதம்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாக்குமூலத்தில் மிட்டாய் பற்றி எழுதியிருக்கும் பகுதியை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்ட அனுமதி உண்டா என்று கேட்டேன். முறைப்படி பார்த்துச் சொல்வதாக அதிகாரி அவர்கள் கூறினார். அப்படி இல்லையென்றால் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உரிமத் தேர்வு வரும் திங்கட்கிழமை. போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி அவர்கள் சொன்னார். எழுதியதை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ள அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. என் சிரிப்புகளை மட்டும் அதிகாரி அவர்கள் எழுதவில்லை, அது சரியே. சொன்னவை யாவும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய முகம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(கையொப்பம்)